கணவாய் ஓடு படிக்கப் போன அம்மா

ஜனவரி 21

வாலுக்கு,

தொலைபேசியில் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. நேற்று நீ போனை வைத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். பக்கத்து அறைப் பெண் கதவைத் தட்டி, "ஆன்ட்டி, யாரோட சண்டை போடறீங்க?" என்று கேட்டாள். அதனால்தான் காகிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வந்து சேர்ந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். விடுதியில் கொடுத்திருப்பது மாணவர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னல். காலையில் எல்லோரும் பூட்டைத் திறக்கும் சத்தத்தில்தான் விழிக்கிறேன். இங்கே என்னைவிட வயதானது கட்டடம் மட்டும்தான்.

முதல் நாளே மானம் போயிற்று. ஆய்வக வாசலில் ஒருவர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார். பார்த்தால் மாணவர் மாதிரி இருந்தது. "தம்பி, தலைவர் ரூம் எது?" என்றேன். "வாங்க மேடம். நான்தான்," என்றார். இப்போது ஆய்வகம் முழுக்க அவருக்குப் பின்னால் 'தம்பி' என்றுதான் பேசுகிறார்கள். அவருக்கும் தெரியும். கோபப்படவில்லை.

என்ன வேலை என்று நீ கேட்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். கணவாய் மீனின் முதுகுக்குள் ஒரு வெள்ளை ஓடு இருக்கும். கிளி வளர்ப்பவர்கள் கூண்டில் கட்டித் தொங்கவிடுவார்களே, அது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் காற்று. ஆனால் மீன் ஆழத்துக்குப் போகும்போது தலைக்கு மேல் இருக்கும் தண்ணீரின் பாரத்தை அந்த ஓடு தாங்குகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குமாடி வீடுதான். தளத்துக்கு மேல் தளம், நடுவில் காகிதத்தைவிட மெல்லிய நெளிந்த சுவர்கள். அளவுக்கு மீறி அழுத்தினாலும் மொத்தமாக நொறுங்காது. ஒரு தளம் உடையும், அடுத்த தளம் தாங்கும், பிறகு அது உடையும். அடியின் வேகத்தை ஒவ்வொரு தளமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். இதே அமைப்பை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து தலைக்கவசத்துக்குள் வைக்க முடியுமா என்று பார்க்கத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள். ஜூலையில் வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கும். தேறினால் இன்னொரு வருடம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ரயில் நிலையத்தில் நடந்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கம் முடிந்துவிட்டது.

சத்து மாத்திரை தவறாமல் சாப்பிடு.

அம்மா


பிப்ரவரி 3

அம்மாவுக்கு,

பக்கம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். பின்பக்கம் காலியாக இருந்தது.

நீ எழுதாததை நான் எழுதுகிறேன். ரயில் கிளம்பப் போகிறது. அப்பா உன் பெட்டியை ஏற்றிவிட்டு இறங்குகிறார். நான், "குழந்தை பிறக்கிற வரைக்குமாவது தள்ளிப்போடக் கூடாதாம்மா?" என்று கேட்கிறேன். நீ சொல்கிறாய்: "முப்பது வருஷத்துக்கு முன்னாடி உனக்காகத்தான் ஆராய்ச்சியை விட்டேன். இன்னொரு தடவையும் விடணுமா?" பக்கத்தில் நின்ற அம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தார்.

நான் பிறந்தது உனக்கு நஷ்டம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வயதில், நடைமேடையில், வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

போன வருடம் கலைந்தபோது பக்கத்தில் இருந்தது நீதான். உன் மாப்பிள்ளை சர்வே வேலைக்கு எங்கோ மலைப்பக்கம் போயிருந்தார். நான்கு நாள் என் தலைமாட்டை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாய். அதனால்தான் இந்த முறை நீ வேண்டும் என்று கேட்டேன். அது அவ்வளவு பெரிய ஆசையா?

அலுவலகத்தில் எல்லோரும், "டெலிவரிக்கு அம்மா வராங்களா?" என்று கேட்கிறார்கள். "அம்மா கணவாய் ஓடு படிக்கப் போயிருக்காங்க" என்றேன். சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு மறுபடி நகரப் பஸ்களுக்கு நேர அட்டவணை போட உட்கார்ந்தால் ஒரு எண்ணும் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாத்திரை சாப்பிடுகிறேன். உனக்காக இல்லை.

இப்படிக்கு
உன் மகள்


பிப்ரவரி 16

வாலுக்கு,

'அன்புள்ள' என்று போடவில்லை. பார்த்தேன். நானும் முதல் கடிதத்தில் போடவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்.

நடந்தது இதுதான். நீ பிறந்தபோது நான் ஆராய்ச்சியில் இரண்டாம் வருடம். உனக்கு எட்டு மாதம் ஆனதும் திரும்பிப் போனேன். என் மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் வழிகாட்டி, "குழந்தை பிறந்தா யாரும் திரும்பி வர்றதில்லம்மா, அதான் குடுத்துட்டேன்," என்றார். அதே மாதத்தில் உன் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. "நீ என்ன சொல்ற?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அவ்வளவு களைப்பு. பிறகு பாலிடெக்னிக் வேலை கிடைத்தது. பாடம் நடத்துவது எனக்குப் பிடித்தது என்பது உனக்கே தெரியும். ஆனாலும் நிம்மதி தீர்ந்துபோன பிறகு ஆசை மட்டும் மிச்சம் இருந்தது.

இதில் நீ எங்கே வருகிறாய்? எங்கேயும் இல்லை. தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். மூன்று பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கைக்கு எட்டிய உன்னைச் சொல்லிவிட்டேன். மூன்று பேரில் நானும் ஒருத்தி.

நீ நஷ்டம் இல்லை. இதை எழுதித்தான் புரியவைக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்ததே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுது, வந்துவிடுகிறேன். சிரித்த முகத்தோடு வருவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன். வருவேன்.

இங்கே வேலை சரியாகப் போகவில்லை. இந்த இயந்திரம் நைலான் பொடியை மெல்லிசாகப் பரப்பும். லேசர் ஒளி தேவையான இடத்தை மட்டும் உருக்கி ஒட்டும். அதற்கு மேல் மறுபடி பொடி, மறுபடி ஒளி. முடிந்ததும் மணலில் சங்கு தேடுகிற மாதிரி பொடிக்குள் கையை விட்டுப் பொருளைத் தோண்டி எடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், கணவாய் ஓட்டின் அறைகள் நாலு பக்கமும் மூடியவை. அப்படியே அச்சடித்தால் உள்ளே பொடி மாட்டிக்கொள்கிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் பொடி. பொடி வெளியே வர ஒவ்வொரு தளத்திலும் ஓட்டை போட்டோம். பொடி அழகாகக் கொட்டிவிட்டது. அழுத்தும் இயந்திரத்தில் வைத்தால், அச்சடித்த சோதனைக் கட்டை ஒரே நொடியில் மேலிருந்து கீழ்வரை பிளந்துபோயிற்று. தலைக்கவசத்துக்குள் அதை வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான்.

தம்பி விளக்குமாற்றை எடுத்து வந்தார். துண்டுகளைப் பெருக்கி அள்ளினார். நான் முறத்தைப் பிடித்தேன்.

அம்மா


மார்ச் 7

அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் செய்தி மட்டும் எழுதுகிறேன்.

அப்பா வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு பெட்டியும் ஒரு குக்கரும். நீ அனுப்பினாயா? கேட்டால், "எனக்கென்ன வேலை அங்க? செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் சொல்லிட்டேன்," என்கிறார். கர்ப்ப காலம் பற்றி ஒரு தடிமனான புத்தகம் வாங்கி வந்திருக்கிறார். பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறார். எனக்குக் கால் வீங்கியிருந்தால் பக்க எண் சொல்கிறார்.

நேற்று மருத்துவமனைக்கும் கூடவே வந்தார். டாக்டரம்மா, "அம்மா வரலையா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அவங்க ஆராய்ச்சியில இருக்காங்க டாக்டர். பிரசவத்துக்கு நான்தான் இன்சார்ஜ்," என்றார். அந்த அறையில் இருந்த நர்சுகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சமையல் பற்றிக் கேட்காதே. நன்றாகச் செய்கிறார் என்று எழுதினால் நீ நம்பப் போவதில்லை. முந்தாநாள் பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்ததில் அரை நாள் போயிற்று.

டாக்டர் அதிகம் நடக்க வேண்டாம், படி ஏற வேண்டாம் என்கிறார். நாங்கள் இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் போன மாதமே படுத்துவிட்டது. நேற்று மேல்படியில் நிற்கும்போது சாவிக்கொத்து கை நழுவிவிட்டது. படியில் விழுந்திருந்தால் பரவாயில்லை, அடுத்த திருப்பத்தில் நின்றிருக்கும். சனியன், இரண்டு படிவரிசைக்கு நடுவில் இருக்கிற சந்தில் விழுந்து நேரே தரைத்தளத்துக்குப் போய்விட்டது. அப்பா நாலு மாடி இறங்கி ஏறினார். மேலே வந்ததும் புத்தகத்தை எடுத்து, "உனக்குப் பொருள் கை நழுவுறது சகஜம்தானாம், போட்டிருக்கான்," என்றார்.

'வா' என்றும் எழுதவில்லை, 'வராதே' என்றும் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மகள்


மார்ச் 19

அன்புள்ள வாலுக்கு,

உன் சாவிக்கொத்து என்ன செய்தது தெரியுமா?

கடிதத்தை மதியம் கேன்டீனில் படித்துக்கொண்டிருந்தேன். சந்தில் விழுந்து நேரே கீழே போய்விட்டது என்ற இடம் வந்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எங்கள் கட்டையில் ஓட்டைகள் எல்லாம் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக இருந்தன. பொடி சுலபமாகக் கொட்டட்டும் என்று நான்தான் அப்படி வரைந்தேன். விரிசலுக்கும் அதே வழி சுலபமாகிவிட்டது. முதல் தளத்து ஓட்டையில் தொடங்கியது, தடுக்க ஆளில்லாமல் அடித்தளம் வரை இறங்கிவிட்டது. ஓட்டைகளைப் படிக்கட்டு மாதிரி தளத்துக்குத் தளம் தள்ளித் தள்ளி வைத்தால் விரிசல் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாக வேண்டும். பொடியும் வெளியே வரும், கட்டையைத் திருப்பித் திருப்பி உதற வேண்டும், அவ்வளவுதான்.

ஓடிப்போய்த் தம்பியிடம் சொன்னேன். மூச்சு வாங்கியது. "உட்காருங்க மேடம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நான் வரைந்ததை வெகுநேரம் பார்த்தார். "இது எப்படி மேடம் தோணுச்சு?" "என் பொண்ணு சாவியைக் கீழே போட்டுட்டா." அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நல்ல பையன்.

அன்றே அச்சுக்குப் போட்டோம். அடுத்த நாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உள்ளே பொடி முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். முதல் வருட மாணவனுக்கே தெரியும். பொறுக்க முடியாமல் திறந்துவிட்டேன். சூடு இருந்தது. கட்டை கண் எதிரிலேயே வாழை மட்டை மாதிரி வளைந்துபோயிற்று. யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. திரும்ப அச்சடிக்க இயந்திரம் கிடைப்பதற்கு வரிசை இருக்கிறது.

படி ஏறாதே என்று டாக்டர் ஏன் சொன்னார்? உன் அப்பாவிடம் போனில் கேட்டால் "எல்லாம் நார்மல்" என்கிறார். தன் சொந்தத் தலையில் மரக்கிளை விழுந்தபோதும் அவர் அதையேதான் சொன்னார். நீ எழுது.

அம்மா


ஏப்ரல் 12

அன்புள்ள அம்மாவுக்கு,

நார்மல் இல்லை. ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. போன வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன், அவரைத் திட்டாதே. இப்போது வீட்டில் இடது பக்கமாகப் படுத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். ஜூலை கடைசி என்று நாள் சொல்லியிருந்தார்கள், அதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டிவரலாம் என்கிறார்கள்.

பயமாக இருக்கிறது அம்மா. குழந்தை அசையும்போது பயமில்லை. அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தால், போன வருடம் ஸ்கேன் அறையில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தாளே, அது ஞாபகம் வந்துவிடுகிறது. உடனே வயிற்றைத் தட்டுகிறேன். பாவம், தூங்கினால்கூட விடுவதில்லை.

இன்னொரு விஷயம். நகரத்துப் பஸ் தடங்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போடப் போகிறார்கள். அந்த வேலைக்குத் தலைமை தாங்க என்னைக் கேட்டார் மேலதிகாரி. நான் வேண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்ட வேலை. "லீவு முடிஞ்சு வந்து எடுத்துக்கோங்க, அதுவரைக்கும் பார்த்துக்கறோம்," என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நானாக இப்போதே விட்டுவிட்டால், பிற்காலத்தில் எந்த நடைமேடையிலும் நின்று யாரையும் சொல்ல வேண்டியிருக்காது, இல்லையா? குத்திக்காட்ட எழுதவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

'வா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. ஏன் என்று புரியவும் இல்லை.

வாலு


ஏப்ரல் 24

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே தம்பியிடம் போனேன். ஜூலை முதல் தேதியிலிருந்து லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். "குழு ஜூலை நடுவுல வருது மேடம். தேதியை மாத்த என் கையில இல்ல," என்றார். தெரியும் என்றேன். "நீங்க இல்லாம இதை யார் விளக்குறது?" "நீங்க விளக்குங்க. உங்களுக்குத் தெரியாததா." அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும். ஆனா வேலை உங்களோடது. நீங்க நிக்கலன்னா அவங்க அடுத்த வருஷத்துக்கு உங்க பேரை எழுத மாட்டாங்க." எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ 'வா' என்று எழுதத் தேவையில்லை. வருகிறேன்.

அந்த வேலையைப் பற்றி: விடாதே. உனக்கே பிடிக்காமல் போனால் விடு, அதில் தப்பில்லை. பிற்காலத்தில் யாரையும் சொல்லக் கூடாது என்பதற்காக இப்போதே விடுவது, மழை வரும் என்று குடையோடு குளத்தில் குதிக்கிற மாதிரி. நீ விட்டாலும் ஆசை விடாது. அது எங்கே போய்த் தங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. புதிய கட்டையை முழுக்க ஆறவிட்டு எடுத்தோம். அழுத்தும் இயந்திரத்தில் வைத்தபோது நான் திரையைப் பார்க்காமல் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்தளம் நசுங்கியது. நின்றது. அடுத்தது நசுங்கியது. நின்றது. பாதி வந்ததும் யாரோ மெதுவாகத் தளங்களை எண்ணத் தொடங்கினார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். தாங்கும் பலம் இன்னும் போதாது. சுவரின் நெளிவைத் தரைப்பக்கம் ஒரு மாதிரியும் கூரைப்பக்கம் வேறு மாதிரியும் மாற்ற வேண்டும், கணவாய் அப்படித்தான் செய்கிறது. ஆனால் உடைய வேண்டிய விதத்தில் உடைகிறது.

இடது பக்கமே படு. அது தூங்கட்டும், ரொம்பத் தட்டாதே.

அம்மா


மே 10

அம்மா,

யார் உன்னை லீவு கேட்கச் சொன்னது?

ஏன் 'வா' என்று எழுத வரவில்லை என்று இப்போது புரிந்துவிட்டது. நான் எழுதினால் நீ வந்துவிடுவாய். அதுதான் பயம். வந்து, சமைத்து, கால் பிடித்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, எல்லாம் நன்றாகவே செய்வாய். ஒரு நாள் எங்காவது தலைக்கவசக் கடை வாசலில் நின்று கண்ணாடிக்குள் பார்ப்பாய். நான் உன் பக்கத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது.

என் பெயரைச் சொல்லி நீ ஒன்றை விட்டிருக்கிறாய் என்று முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது. அது என்னால் இல்லை என்று எழுதினாய், நம்புகிறேன். ஆனால் இப்போது விடுவது முழுக்க முழுக்க என் பெயரில்தான் இருக்கும். எனக்கு வேண்டாம். பிறக்கப் போகிறதற்கும் வேண்டாம்.

லீவைத் திருப்பி வாங்கு. அப்பா இருக்கிறார். உன் மாப்பிள்ளை ஜூன், ஜூலை முழுக்க வீட்டில்தான், சர்வே முடிந்துவிட்டது. டாக்டர் இருக்கிறார். அப்பாவின் புத்தகம் இருக்கிறது. பால்கூட இப்போது பொங்குவதில்லை. இடையில் லிஃப்டையும் சரிசெய்துவிட்டார்கள். அப்பா தினமும் போய் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் வீட்டில் உட்கார்ந்து அவர் டீயைக் குடித்ததில் அவரே பொறுக்க முடியாமல் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மேலதிகாரியிடம் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் படுக்கையிலேயே வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கிழக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்புக்கு மருத்துவமனைக்கு நேர் பஸ்ஸே இல்லை. இத்தனை வருடம் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும்தான்.

நான் பயப்படவில்லை என்று நினைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் எழுதுகிறேன், வராதே.

வாலு


மே 22

அன்புள்ள வாலுக்கு,

லீவைத் திருப்பி வாங்கிவிட்டேன்.

தம்பியின் அறையிலிருந்து வெளியே வந்து, பொடி அறையில் கையுறை, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, சல்லடையில் பொடி சலித்தேன். சலிக்க வேண்டிய பொடி இல்லை, ஏற்கெனவே சலித்ததுதான். முகமூடிக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கண்ணாடி பனிபூத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

நீ சொன்னதற்காக மட்டும் திருப்பி வாங்கவில்லை. எனக்கு அங்கே நிற்க வேண்டும் என்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. வலி எடுத்தால் உடனே எனக்குச் சொல்ல வேண்டும். உன் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அம்மா


ஜூலை 18

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவைத் திட்டாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று போனில் நீ ஒன்றுமே பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது இது. பதினைந்தாம் தேதி காலை தலைவலி தாங்க முடியவில்லை, கண்ணுக்கு முன்னால் பொறி பறந்தது. அழுத்தம் எங்கேயோ போய்விட்டது. டாக்டர், "இனிமே வெயிட் பண்ண முடியாது, இன்னைக்கே எடுத்துடலாம்," என்றார். அப்பா கையில் போன். உன் எண்ணைப் போட்டுவிட்டார்.

"அப்பா, வைங்க. இன்னைக்குத்தான் அம்மாவோட மீட்டிங்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்மா. தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

"இப்ப சொன்னா அம்மா என்ன பண்ணுவாங்க? பாதியில விட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவாங்க. நாளைக்குத்தான் வந்து சேருவாங்க. அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சிருக்கும். அங்கயும் முடிஞ்சிருக்கும்."

அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உன் மாப்பிள்ளை என் காலைப் பிடித்துக்கொண்டு, "அவ சொல்றது சரிதான் மாமா," என்றார். அது நானே எடுத்த முடிவு. கொல்வதென்றால் என்னிடம் வா.

பெண் குழந்தை. எடை குறைவு. வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நேற்று மாலை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். என் அழுத்தமும் இறங்கிவருகிறது. எழுத்தைப் பார்த்தாலே தெரியும், இப்போது நேராகப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். அவளுக்கு மூக்கு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அழுகை மட்டும் ஊரைக் கூட்டுகிறது. அப்பா கையில் கொடுத்தால் உடனே நிறுத்திவிடுகிறாள். "எல்லாம் புத்தகத்துல போட்டிருக்கான்," என்கிறார்.

எல்லோரும் என்னைப் பற்றியும் குழந்தையைப் பற்றியுமே பேசுகிறார்கள். உன் கூட்டம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். எழுது.

வாலு


ஜூலை 25

அன்புள்ள வாலுக்கு,

எனக்குக் கோபம்தான். உன்மேலும், உன் அப்பாமேலும், நடுவில் புகுந்து தீர்ப்புச் சொன்ன மாப்பிள்ளைமேலும். நீ ஆபரேஷன் மேசையில் கிடந்த நேரத்தில் நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு யாரோ நாலு பேரிடம் நைலான் பொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். நேரில் பேசுவோம். ஆனால் கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறாய். நான் ஸ்டேஷனுக்குத்தான் ஓடியிருப்பேன். அட்டவணை போடுகிறவளிடம் நேரத்தைப் பற்றி வாதாட முடியாது.

கூட்டம். நாலு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் தொடக்கத்திலேயே, "இவ்வளவு வருஷ இடைவெளிக்கு அப்புறம் இந்த வேலை கஷ்டமா இல்லையா?" என்று கேட்டார். "கஷ்டம்தான். ஒரு கட்டையை ஆறுறதுக்கு முன்னாடி திறந்துட்டேன்," என்றேன். வளைந்த கட்டையைக் கையிலேயே கொண்டு போயிருந்தேன். அதைச் சுற்றுக்கு விட்டதும் இறுக்கம் போய்விட்டது. ஆளாளுக்குத் தங்களுடைய வளைந்த கட்டைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பிறகு தலைக்கவசம். உள்ளே எங்கள் அடுக்குகளை வைத்து, உலோகத் தலையோடு உயரத்திலிருந்து விழவிட்டோம். இரண்டு முறை நன்றாகத் தாங்கியது. மூன்றாவது முறை பக்கவாட்டில் விழுந்தபோது தாங்கவில்லை. மறைக்க ஒன்றும் இல்லை, எல்லோரும் பார்த்தார்கள். "பக்கவாட்டுல ஏன்?" என்றார் அதே ஆள். "அடுக்குகள் மேலிருந்து வர்ற அடியைத்தான் பார்த்து நிக்குது. வளைவோட சேர்ந்து அதுவும் திரும்பணும். எப்படின்னு தெரியும், செய்ய நேரம் வேணும்," என்றேன். வெளியே போகச் சொன்னார்கள். நடையில் நின்றேன். தம்பி வந்து கையை நீட்டினார். இன்னொரு வருடம் கொடுத்திருக்கிறார்கள், கூடவே எனக்கு உதவிக்கு ஒரு ஆளும்.

அப்போதுதான் பையில் போன் அடித்தது. உன் அப்பா. கையை நீட்டியபடி நின்ற தம்பியை அப்படியே விட்டுவிட்டேன் என்பது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

இப்போது ஒன்று கேட்கிறேன். நான் வரலாமா? லீவு தருகிறார்கள், ஒரு மாதம் மாதிரி. எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அவளைக் கையில் வாங்கினால் திரும்பிப் போக மனம் வருமா என்று தெரியவில்லை. நீ ஒரு முறை முகம் வாடினால் போதும், இருந்துவிடுவேன்.

அம்மா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

வா.

ஒரு நிபந்தனை. திரும்பிப் போகிற டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு வா. வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லக் கூடாது. அது நடக்காது, உன்னை எனக்குத் தெரியும், என்னையும் எனக்குத் தெரியும். நீ கிளம்புகிற நாளில் நான் முகம் வாடத்தான் செய்வேன். அழவும் செய்வேன். அதைப் பொருட்படுத்தாதே. டிக்கெட்டைப் பார்.

நீ கிளம்பிப் போன அடுத்த வாரம் நான் அலுவலகம் போகிறேன். முதலில் அரை நாள். குழந்தையை அப்பா பார்த்துக்கொள்வார், மதியம் உன் மாப்பிள்ளை வந்துவிடுவார். அப்பா வேறு எங்கும் போகப் போவதில்லை. "இன்சார்ஜ் பாதியில போக முடியாது," என்கிறார்.

ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன். அவளையும் எடுத்துக்கொண்டு.

வாலு


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாலுக்கு,

எடுத்துவிட்டேன். இரண்டு டிக்கெட்டும் கைப்பையில் இருக்கின்றன. நீ சொன்ன டிக்கெட்டை ஒரு முறை பார்த்து உள்ளே வைத்தேன். மற்றதைத்தான் அடிக்கடி எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அம்மா